பாட ஆரம்பிப்பவருக்கு ஸரிகமவா, ஐந்து கோடா?

கர்நாடக சங்கீத முறையில் சுரங்களை ஸ ரி க ம என்று எழுத்திலேயே எழுதிவிடுவதால் தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு முதல் நாளே பாதி வேலை முடிந்தது. மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி (குரல் உயரும் பகுதி), கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. நேரக் கணக்கில் 'ஸ' ஒரு அளவு, 'ஸா' இரண்டு. ஆனால் எந்த ரி என்பதைத் தாளின் தலையில் இருக்கும் ராகப் பெயர்தான் சொல்லும். மாயாமாளவகௌளை என்று போட்டிருந்தால் சுத்த ரிஷபம் (ரி வகைகளில் மிகத் தாழ்ந்தது) என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டும், கமகமோ (சுரத்தை அசைத்துப் பாடும் விதம்) பெரும்பாலும் தாளிலேயே இருக்காது, குருவின் வாயைப் பார்த்துத்தான் பிடிக்கணும்.

மேற்கத்திய இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் அப்படியில்லை. ஐந்து கோடு, நான்கு இடைவெளி, முன்னால் ஒரு சுருள் குறி (ட்ரெபிள் கிளெஃப்), அது கீழிருந்து இரண்டாம் கோட்டை ஜி என்ற சுரமாகப் பூட்டிவிடுகிறது. நம் 'ஸ' அவரவர் கட்டைக்கு (குரலுக்கு ஏற்ற சுருதிக்கு) நகரும், ஜி நகராது. மென்மையா, சத்தமா என்பதைக்கூட 'பி', 'எஃப்' என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் கமாவில் மாட்டுவார்கள். நம்மிடம் கமா வந்தால் முந்தைய சுரத்தை இன்னொரு அளவு நீட்டணும். அங்கே கோட்டுக்கு மேல் கமா போட்டால் மூச்சு வாங்கணும். நேர் எதிர்!

சர்ச் கொயரில் நாலு குரலோடு பாடப் போகிறீர்களா, ஐந்து கோட்டைக் கற்றுக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை. கீர்த்தனை பாடத்தான் ஆசை என்றால் ஸரிகம போதும், அப்புறம் காதுதான் எல்லாம்.