செகிகஹாரா போர்க்கள நடைப்பயணம்: போய் வந்த அனுபவம்

தொகுகவா இயேயாசுவின் கிழக்குப் படையும் இஷிதா மிட்சுநாரி திரட்டிய மேற்குப் படையும் 1600 அக்டோபர் 21 அன்று மோதிய செகிகஹாரா, ஜப்பானின் நகோயா நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய சிற்றூர். அங்கே அரை நாள் நடைப்பயணம் நடத்தும் சிறு நிறுவனம் ஒன்றில் பதிவு செய்துகொண்டு சென்ற மாதம் போய் வந்தேன்.

2020-இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தின் ஐந்தாம் தளத்தில் பயணம் தொடங்கியது. வழிகாட்டி வரைபடம் எதையும் விரிக்காமல், எங்களைக் கண்ணாடியோரம் நிறுத்தி, எந்தக் குன்றில் எந்தப் பிரபு முகாமிட்டிருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். இந்தப் போரில் வெட்டியவர்களைக் காட்டிலும் குன்றின்மேல் காத்திருந்தவர்களே முடிவைத் தீர்மானித்தார்கள் என்பது அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

மிட்சுநாரியின் பாசறை இருந்த சசாவோ குன்றில், மூங்கில் வேலியை மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். எதிரே தெற்கில் தெரியும் மாட்சுவோ மலையில்தான், மேற்குப் படையில் சேர்ந்திருந்தும் நடுப்பகல்வரை அசையாமல் இருந்து பின்னர் தன் அணியினர்மீதே பாய்ந்த கோபயகவா ஹிதேயாகி, சுமார் 15,000 வீரர்களுடன் நின்றார். அவரை அசைக்க இயேயாசு மலையை நோக்கித் துப்பாக்கிகளைச் சுடச் செய்தார் என்ற புகழ்பெற்ற கதை அக்கால ஆவணங்களில் இல்லை என்பதை வழிகாட்டி ஒளிக்காமல் சொன்னார். கீழே வயலில் ஓடிய டிராக்டரின் ஓசையே எங்களுக்கு மெல்லியதாகத்தான் எட்டியது; 293 மீட்டர் உயர மலையுச்சியில், போர் இரைச்சலுக்கு நடுவே, அந்த வெடியோசை தனித்துக் கேட்டிருக்குமா?

சோற்றுருண்டைப் பொட்டலங்களை வழங்கியபடியே வழிகாட்டி, மேற்குப் படையின் மோரி ஹிதேமோத்தோவின் கதைக்கு வந்தது நல்ல உத்தி. இயேயாசுவுடன் இரகசியமாக உடன்பட்டிருந்த மோரி குலத்து உறவினர் கிக்காவா ஹிரோயே முன்னே வழிமறித்து நின்றதால் நங்கு மலையிலிருந்து இறங்க முடியாத ஹிதேமோத்தோ, ஏன் வரவில்லை என்று கேட்ட நேச அணியினரிடம், வீரர்கள் உணவருந்துகிறார்கள் என்று சாக்குச் சொன்னாராம். ‘வெற்று உணவுப் பெட்டி’ என்ற கேலி அதிலிருந்து பிறந்தது. போரில் இறங்காதிருந்தும், இயேயாசு வென்றபின் மோரி குடும்பத்தின் ஆட்சிப்பரப்பு, ஏறக்குறைய 12 லட்சம் கொக்கு அரிசி விளைச்சலிலிருந்து 4 லட்சத்துக்கும் கீழே சுருங்கியது. (ஒருவர் ஓராண்டுக்கு உண்ணும் அரிசியே ஒரு கொக்கு என்பது பழைய கணக்கு.) எங்கள் பொட்டலத்தில் உணவு இருந்தது, ஆனால் இரண்டே உருண்டைகள், நடப்பவர்களுக்கு அது போதாது.

குறை பிற்பகலில்தான். மேற்குப் படையின் தோல்வி உறுதியான பின் எஞ்சிய வீரர்களுடன் எதிரிப் படையின் முகப்பையே பிளந்துகொண்டு வெளியேறிய ஷிமாசு யோஷிஹிரோவின் கதையை ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். எதிரணியில் நின்ற தோதோ குடும்பத்தார் எழுப்பியதாகச் சொல்லப்படும், மேற்குப் படைத் தளபதி ஒதானி யோஷிட்சுகுவின் கல்லறைக்கு, ரயிலுக்கு நேரமாகிறது என்று அழைத்துச் செல்லவே இல்லை. விளம்பரத்தில் அந்த இடமும் இருந்தது என்பதால் இதை ஏமாற்றமாகவே கொள்கிறேன்.

கட்டணம் நியாயமானதே. பதிவு செய்பவர்கள் கல்லறை உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு, திரும்பும் ரயிலை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.