மின்னஞ்சல் தேதியைக் கோப்புப் பெயராக்க எந்த வழி நல்லது?

சேமித்த மின்னஞ்சல்களை நாள் வரிசையில் அடுக்க, கோப்பின் நேரத்தை நம்பக் கூடாது. வேறோர் இடத்துக்கு நகலெடுத்தாலே அது மாறிவிடலாம். மடல் எழுதப்பட்ட நேரம் அதன் தலைப்பகுதியில், ‘டேட்’ என்று தொடங்கும் வரியில் இருக்கிறது. அதை எடுக்க மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

சட்டென்று கைக்கு வருவது, கோப்புகளில் சொற்களைத் தேடித் தரும் கிரெப் கட்டளை. மடல்களைச் சேமிக்கும் ஈஎம்எல் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் ஒரே கட்டளையில் தேதி வந்துவிடும். ஆனால் வரியின் தொடக்கத்தில் தேடச் சொல்லாவிட்டால் ‘ரீசென்ட்-டேட்’ (மடலை மறுபடி அனுப்பிய தேதி) போன்றவையும் சிக்கும். முதல் விடையோடு நிறுத்தாவிட்டால், உள்ளே இணைத்த பழைய மடலின் தேதியும் கூடவே வரும். அவுட்லுக்கின் எம்எஸ்ஜி கோப்பு இரும வடிவம். அங்கே இது செல்லாது.

நிரல் எழுத விரும்பாதவர்களுக்குத் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளின் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி நீட்சி போதும். கோப்புறை முழுவதையும் ஏற்றுமதி செய்து, பெயரில் தேதியையும் சேர்த்துத் தரும். ஏற்கெனவே கணினியின் வன்வட்டில் கிடக்கும் கோப்புகளை முதலில் தண்டர்பேர்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் சுற்று வழி.

நான் கடைசியில் நிலைத்தது பைத்தான் நிரல்மொழியில். காரணம் நேர மண்டலம். தலைப்பில் 2024 மே 14, 23:50, -0700 என்று இருக்கும் மடல், யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் மே 15 காலை 06:50-க்கு எழுதப்பட்டது; -0700 என்ற குறி, யூடிசிக்கு ஏழு மணி நேரம் பின்னால் என்பதைச் சொல்கிறது. அன்று 06:30-க்கு, +0000 குறியோடு வந்த கேள்விக்கு அது பதில் என்று வையுங்கள். கிரெப் தந்த எழுத்துகளை அப்படியே பெயராக்கினால், பதில் கேள்விக்கு முன்னால் போய் நிற்கும்! எந்த மடல் முதலில் வந்தது என்பதே வழக்காகும் இடத்தில் இது சிறு பிழை அல்ல.

பைத்தான் 3.3 முதல் உள்ள ‘பார்ஸ்டேட்_டு_டேட்டைம்’ செயற்கூறு இந்தக் குறியையும் சேர்த்தே படிக்கிறது. யூடிசிக்கு மாற்றி 2024-05-15_065000 என்று பெயரிடலாம். நேரத்தின் நடுவே முக்காற்புள்ளி (:) வேண்டாம்; விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்காது. ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். குறி -0000 என்றிருந்தால், மண்டலம் இல்லாத நேரமே கிடைக்கும். அதை யூடிசிக்கு மாற்றச் சொன்னால், கணினியின் உள்ளூர் நேரமாகக் கொண்டு மணிக்கணக்கில் தள்ளிவிடும். அத்தகைய மடல்களுக்கு யூடிசி என்று நீங்களே குறித்துவிடுங்கள்.

அனுப்பியவரின் கடிகாரமே தவறாக இருந்தால் எந்த வழியும் ‘டேட்’ வரியிலிருந்து சரியான நேரத்தைத் தராது. அப்போது ‘ரிசீவ்டு’ வரிகளில் மேலே இருப்பதை எடுங்கள். அது கடைசியாகப் பெற்றுக்கொண்ட வழங்கி பதித்த நேரம்.