லெகோ ஸ்டூடியோஸ்: கல்லடி வீட்டில் ஒரு படப்பிடிப்பு

சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணா, தம் பிள்ளைகள் விளையாடி முடித்த, கட்டைகளைப் பொருத்திப் படம் எடுத்து விளையாடும் லெகோ ஸ்டூடியோஸ் பெட்டியொன்றை மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். 2000ஆம் ஆண்டு ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் பெயர் தாங்கி அறிமுகமாகி, 2002ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்ட வரிசை அது. படப்பிடிப்புத் தளம், நடிகர்கள், டைனோசர் ஆகியவற்றோடு கணினியில் வயரால் இணைக்கும் சிறு கமராவும், படத்தொகுப்பு மென்பொருளும் அப்பெட்டியில் உள்ளன. மென்பொருள் அக்கால விண்டோஸ் கணினிகளுக்கானது என்பதால் அதனை நாங்கள் நிறுவ முயலவில்லை. பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து, அவற்றைத் தொடர்ச்சியாக ஓடவிடும் அசைவுப்படத்தைப் புத்தகங்களுக்கிடையே செருகி நிறுத்திய கைத்தொலைபேசியாலேயே எடுத்தோம்.

மகள் படமாக்கத் தேர்ந்தெடுத்தது எங்கள் பகுதியின் மரபு ஆடல் நாடகமான வடமோடிக் கூத்து. நொடிக்கு 12 படங்கள் வீதம் எடுத்தால் பத்து நொடிக் காட்சிக்கு 120 படங்கள் வேண்டும்; ஒவ்வொரு படத்துக்கும் இடையில் பொம்மையைச் சற்றே நகர்த்த வேண்டும். மற்றப் பொம்மைகள் விரல் பட்டாலே சரிந்துவிடும். இதிலோ பொம்மையின் கால் பொருந்தும், தளத்தின் மேலுள்ள ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீற்றர் என்ற அளவு மாறாதிருப்பதால், எவ்வளவு நகர்த்தினோம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் எண்ணிச் சொல்ல முடிகிறது. இந்த விளையாட்டுப் பொருளின் மிகப் பெரிய பலமாக நான் காண்பது இதனைத்தான். ஆனால் முழங்கால் மடங்காத இப்பொம்மைகளிடம் தாளத்துக்கேற்ற மிதியை எதிர்பார்க்க முடியாது. ஒற்றைக் குமிழில் ஒரு காலை ஊன்றி நிறுத்திச் சுழற்றியபோதோ, கூத்தரின் சுழற்சி அழகாகவே வந்தது.

முதல் நாள் எடுத்த படம் முழுதும் வெளிச்சம் துடித்தது. வாவிப் பக்கத்து யன்னலால் வந்த வெயிலை முகில் மறைத்து மறைத்து விட்டதே காரணம் என்று கண்டு, மறுநாள் யன்னலைச் சாத்தி மேசை விளக்கில் எடுத்தோம். மின்விசிறியையும் நிறுத்த வேண்டியிருந்ததால் வெக்கை தாங்க முடியவில்லை. ஆயினும் மகள் எழும்பவில்லை.

பழைய பெட்டியை வாங்க விரும்புவோர் கமராவுக்காக மேலதிகப் பணம் கொடுக்க வேண்டாம். தளமும் பொம்மைகளும் குறைவின்றி இருக்கின்றனவா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். தளம் ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பதற்கென அமைந்தது. கூத்து ஆடப்படும் எங்கள் வட்டக்களரியோ சுற்றிவர இருந்து பார்ப்பது. ஆகவே மகள் இப்போது பின்சுவரைக் கழற்றிவிட்டு, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரை நடுவில் நிறுத்தியிருக்கிறாள்.