படர்தாமரைக்கு நான் போட்ட மருந்துகள்: எது கேட்டது, எது கெடுத்தது

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் இடுப்பில் இடது பக்கம், பாவாடை நாடா அழுத்துகிற இடத்தில், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் மட்டும் சிவந்து பொடிப்பொடியாகத் தடித்திருந்தது, நடுவில் தோல் சாதாரணமாகத்தான் இருந்தது. படர்தாமரை என்று தெரியும், சின்ன வயதில் ஊரில் எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். ஆனால் இடுப்பில் வந்ததை யாரிடம் காட்டுவது? பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்துகிறவள் நான், கை தானாக அங்கே போகும், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொறிந்துவிட்டுத் திரும்புவேன். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்ததால் மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்கண்ணா" என்று கேட்டேன். அவரும் எங்கே, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே கூட்டில் பல கம்பெனிகள் விற்கின்றன, அதனால் உள்ளே என்ன இருந்தது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பும் அடங்கியது. அவ்வளவு நிம்மதி. ஒரு வாரத்தில் நிறுத்தினேன், அடுத்த வாரமே திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிதாக. மறுபடி அதே ட்யூப், மறுபடி நிம்மதி. இப்படியே நாலு ட்யூப் தீர்ந்தது. ஜூலையில் பார்த்தால் இடுப்பைச் சுற்றிப் பாதி பெல்ட் மாதிரி ஓடி, தொடை இடுக்கு வரை இறங்கியிருந்தது. வட்டம் என்று சொல்லும்படி ஓரமே இல்லை, மங்கலாகப் பரவிக் கிடந்தது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து பளபளவென்று, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுமே, அந்த மாதிரி கோடுகள். அப்புறம் என் ஏழு வயது மகளுக்குக் கழுத்தில் ஒரு வட்டம் வந்ததும்தான் கூச்சத்தை விட்டுவிட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் ஓ.பி.க்குப் போனேன்.

அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே "இதுவரைக்கும் என்னம்மா போட்டீங்க?" என்றுதான். பையில் இருந்த ட்யூபை நீட்டினேன். நகத்தால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி "இதப் படிங்க" என்றார். எறும்பு எழுத்தில் குளோபெட்டசால் புரோப்பியனேட் 0.05% என்று இருந்தது. ஸ்டீராய்டு, அதுவும் தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமான வகை. அதோடு பாக்டீரியாவுக்கு இரண்டு, பூஞ்சைக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே ட்யூபில். படர்தாமரை பூஞ்சையால் வருவது, தோலின் மேல் அடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. அதை எதிர்த்து உடம்பு போராடுவதுதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அமுக்கிவிடுகிறது. நமக்கு குணமானது போலத் தெரிகிறது, பூஞ்சையோ தடுக்க ஆளில்லாமல் பரவுகிறது. அடையாளமே தெரியாமல் உருமாறிப்போன இந்த மாதிரிப் படர்தாமரைக்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டாம். பூசுகிற ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே ஷெட்யூல் ஹெச் பட்டியலை இறுக்கிவிட்டார்கள். நான் வாங்கிய ட்யூபிலும் சீட்டு வேண்டும் என்பதற்கு அடையாளமான சிவப்புக் கோடு இருந்தது. நாலு முறையும் சீட்டு இல்லாமல்தான் வாங்கினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஸ்டீராய்டு கிரீம் கெட்ட மருந்து இல்லை. எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் டாக்டர் சொல்லும் அளவில் அதுதான் கைகொடுக்கும். படர்தாமரைக்கு மட்டும் வேண்டாம். பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், இந்த நாலு பெயரில் ஒன்று ட்யூபில் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டாக்டர் ஓரத்துத் தோலை மழுங்கிய பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் செதிலை வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "வாங்க, நீங்களே பாருங்க" என்று என்னையும் கூப்பிட்டார். தெளிவான செதில்களுக்கு நடுவே மெல்லிய நூல் கிளை கிளையாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக நான் வளர்த்தது அதைத்தான்.

சரி, இப்போது வேலை செய்த மருந்து. லுலிகோனசோல் 1% கிரீம், பூஞ்சைக்கான மருந்து மட்டும், வேறு எதுவும் கலக்காதது. ஜப்பானில் 2005-இல் வந்த மருந்து. ஒரு நாளைக்கு ஒரே முறை போட்டால் போதும் என்பது என்னைப் போல காலையில் ஓடுகிறவர்களுக்குப் பெரிய வசதி. வெள்ளை கிரீம், பிசுக்கு இல்லை, உள்பாவாடையில் கறை பிடிக்கவில்லை, மெலிந்த தோலில் மட்டும் முதல் நாலைந்து நாள் சுர்ரென்றது. போடும் முறைதான் முக்கியம். வட்டத்தின் மேல் மட்டும் தடவினால் போதாது, ஓரத்தைத் தாண்டி நல்ல தோலிலும் இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயும் பூஞ்சை இருக்கும். முழுக்க மறைந்த பிறகும் இன்னும் இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும்.

இதன் குறை என்றால் அரிப்பை உடனே நிறுத்தாது. அதிலும் ஸ்டீராய்டை விட்ட முதல் பத்து நாள் நரகம்தான், அமுங்கிக் கிடந்தது எல்லாம் சிவந்து எழும்பியது, இரவில் அரிப்புக்கான செட்டிரிசின் மாத்திரை போட்டுத்தான் தூங்கினேன். பழைய ட்யூப் பீரோவில் இருந்திருந்தால் எடுத்துப் பூசியிருப்பேன், டாக்டரம்மா முதல் நாளே அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டதால் தப்பித்தேன். இன்னொரு குறை விலை. என் அளவுக்குப் பரவியிருந்தால் ஒரு ட்யூப் ஒரு வாரம்கூட வராது. மக்கள் மருந்தகத்தில் இதே மருந்து இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எனக்குப் பாதிச் செலவு அங்கேதான் மிச்சமானது.

இவ்வளவு பரவியதால் பூஞ்சைக்கு உள்ளே சாப்பிடும் இட்ரகோனசோல் 100 மில்லிகிராம் கேப்சூல் காலையும் இரவும் சேர்த்துக் கொடுத்தார். சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், கரைவதற்கு வயிற்றில் அமிலம் தேவை. நான் காலையில் வழக்கமாகப் போடும் கேஸ் மாத்திரையை அதனால்தான் நிறுத்தச் சொன்னார், இல்லாவிட்டால் விழுங்கிய கேப்சூல் பாதி வீண். கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றோடு இது சேரவே சேராது, இதயம் பலவீனமானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. முழங்கையில் ஒரே ஒரு வட்டம் இருந்த என் அத்தைக்கு அதனால்தான் வெறும் கிரீம், மகளுக்கும் அதேதான். எனவே எனக்குக் கேட்டது என்று நீங்களாக இந்தக் கேப்சூலை வாங்கிப் போடாதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்காவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். என் கணவருக்கும் அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்திருக்கிறது, சொல்லவே இல்லை. கறுப்புக் கயிறு வியர்வையில் ஊறி நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும், அதை எடுக்கச் சொன்னார் டாக்டர். "வெறும் இடுப்பா இருக்கக் கூடாதும்மா" என்று அத்தைக்கு மனசே இல்லை. கடைசியில் வெள்ளிக் கொடி வாங்கிப் போட்டு, தினமும் கழற்றிக் கழுவுவது என்று ஒப்புக்கொண்டார். நான் நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்த பாவாடைக்கு மாறினேன். ஆளுக்கொரு துண்டு, துணியை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நல்ல வெயிலில் காயவைப்பது, குளித்ததும் மடிப்புகளை ஒற்றித் துடைத்த பிறகே உடுத்துவது. பக்கத்து வீட்டு அக்கா சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசச் சொன்னார். வண்டுகொல்லி என்று பெயர் வந்த இலை, தொன்றுதொட்டு இதற்குப் பயன்படுவதுதான், ஆனால் ஏற்கெனவே மெலிந்துபோன தோலில் அதையும் தேய்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது வாரத்தில் அரிப்பு குறைந்தது. ஏழாவது வாரம் தடிப்பு எல்லாம் அடங்கியது, அதற்கு மேலும் இரண்டு வாரம் கிரீம் போட்டு நிறுத்தினேன். ஏழு மாதமாகத் திரும்ப வரவில்லை. பழுப்புத் தழும்பு மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது. தொடைக் கோடுகள் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லுலிகோனசோலுக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன், விலைக்காக ஒன்று குறைத்தேன். அந்தக் கலவை ட்யூபுக்குப் பூஜ்யம்தான். நேற்று எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா ரகசியமாகக் கூப்பிட்டு, "டீச்சர், ரெண்டே நாள்ல அரிப்பு நிக்குது, பாருங்க" என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த ட்யூபைக் காட்டினார். திருப்பிப் பார்த்தேன், அதே 0.05%. சனிக்கிழமை ஓ.பி.க்கு நானே கூட்டிப் போகிறேன்.