ஆங்கில நாளிதழா, மாநில மொழி நாளிதழா?

இந்தியாவில் ஒரு வீட்டுக்கு ஒரே நாளிதழ்தான் என்றால், நான் மாநில மொழி நாளிதழையே வாங்கச் சொல்வேன். அதன் பெரிய குறையைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன்.

ஆங்கில நாளிதழ்களின் பலம் தில்லி. நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அமைச்சகங்கள் என்று அன்றாடம் சுற்றிவரும் செய்தியாளர்களும், ஆவணங்களைப் படித்துப் பொருள் சொல்லும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. போபர்ஸ் பீரங்கி பேரத்தில் கைமாறிய பணம் குறித்த ஆவணங்களை 1988இல் 'தி இந்து' வெளியிட்டது அந்தப் பழக்கத்தின் விளைச்சல். ஆனால் விளம்பரதாரர்கள் தேடுவது பெருநகர வாசகரை என்பதால், பக்கங்களும் பெருநகரத்தின் பக்கமே சாய்கின்றன. ஒரு வட்டாரத்தின் குடிநீர்ப் பஞ்சம் அங்கே இடம்பிடிக்க, யாராவது சாக வேண்டியிருக்கிறது.

மாநில மொழி நாளிதழ்கள் வளர்ந்த வழி வேறு. 1942இல் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி' எளிய தமிழால் புதிய வாசகர்களை உருவாக்கியது. 1974இல் விசாகப்பட்டினத்தில் பிறந்த தெலுங்கு நாளிதழ் 'ஈநாடு' பின்னாளில் மாவட்டந்தோறும் தனி இணைப்பு கொடுத்தது. நெல்லூர் மாவட்டப் பெண்கள் 1992இல் சாராயத்துக்கு எதிராகத் திரண்டபோது அதை நாள்தோறும் பெரிதாக எழுதியது அந்த இதழ்தான். மறு ஆண்டே ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது.

என்னை முழுமையாக இந்தப் பக்கம் இழுத்தது 2021. குஜராத்தில் மார்ச் 1 முதல் மே 10 வரை 1.23 லட்சம் இறப்புச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, முந்தைய ஆண்டு இதே காலத்தில் சுமார் 58,000 என்று குஜராத்தி நாளிதழ் 'திவ்ய பாஸ்கர்' எழுதியது. அரசு சொன்ன கொரோனா மரணங்களோ நான்காயிரத்துச் சொச்சம். இன்னொரு குஜராத்தி நாளிதழான 'சந்தேஷ்' செய்தியாளர்கள் பிணவறை வாசலிலும் மயானங்களிலும் நின்று உடல்களை எண்ணினார்கள். உள்ளூர் அலுவலகங்களில் ஆள் பழக்கம் இல்லாமல் இது நடக்காது.

குறை என்று சொன்னேனே, அதுவும் இந்த மாவட்டப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு மாவட்டத்தின் மணல் கொள்ளை அந்த மாவட்டப் பதிப்போடு நின்றுவிடுகிறது. அடுத்த மாவட்டத்துக்காரர் அதைப் படிப்பதே இல்லை. தலைநகருக்கும் அந்தக் குரல் எட்டுவதில்லை. சொற்ப ஊதியத்தில் எழுதும் பகுதிநேர நிருபரே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. தனக்கு விளம்பரம் தரும் ஊராட்சித் தலைவரைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்?

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவருக்கும், நீதிமன்றத் தீர்ப்புகளை நம்பித் தொழில் செய்பவருக்கும் ஆங்கில நாளிதழே முதலில் வேண்டும். மற்றவர்கள் மாநில மொழி நாளிதழை வாங்கிக்கொண்டு, பக்கத்து மாவட்டப் பதிப்பையும் இணையத்தில் புரட்டலாம்.