பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மோட்டார் மெக்கானிக்

மதுரையில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் சென்ற சித்திரையில் நின்றபோது, கைப்பேசியில் தேடிக் கிடைத்த ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, மோட்டாரை இயக்கும் சுவிட்சுகள் உள்ள பேனல் பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ எரிந்துவிட்டதென்றும், மோட்டாரை மேலே தூக்கிப் புதுக் கம்பி சுற்ற (ரீவைண்டிங்) 9,000 ரூபாய் ஆகுமென்றும் கூறி முன்பணம் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா தம் வீட்டுக்குப் பல ஆண்டுகளாக வரும் மெக்கானிக்கைப் பரிந்துரைத்தார். நல்லவரா என்று கேட்பதைவிட, அவர் சரிசெய்த பழுது திரும்ப வந்ததா, பழைய உதிரிப்பாகத்தைக் கையில் கொடுத்தாரா என்று கேட்பதே பயனுள்ளது என்பதால் அவற்றையே கேட்டேன். இரண்டுக்கும் நிறைவான பதில் கிடைத்தது.

காலையில் வருவதாகச் சொன்னவர் மாலையில்தான் வந்தார். நேரந்தவறாமையை அவரிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வந்ததும் முதலில் மின்னழுத்தத்தை அளந்தார். பிறகு கெப்பாசிட்டர்களைக் கழற்றிச் சோதித்தார். ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் நீர்மூழ்கி மோட்டார் சுழலத் தொடங்கக் கெப்பாசிட்டர் வேண்டும். அது வலுவிழந்தால் மோட்டார் சுழலாமல் மிகுதியான மின்சாரத்தை இழுக்க, மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டு டிரிப் விழுந்துவிடும். பார்ப்பவருக்குக் ‘காயில்’ எரிந்துபோனதாகவே தோன்றும். உப்பியிருந்த கெப்பாசிட்டரை மாற்றி, பழையதை என் கையில் கொடுத்து, கூலியுடன் 750 ரூபாய் பெற்றுக்கொண்டார். ரசீது தருவதில்லை என்பது குறைதான். ஆவணி பிறந்துவிட்டது; மோட்டார் இதுவரை தடையின்றி ஓடுகிறது.