நெல்சன் கடிதங்கள்: ஹட்டனிலிருந்து தேடுவோருக்கு

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கடிதங்களும் குடும்பக் காகிதங்களும் ஒரே இடத்தில் இல்லை. அதுதான் முதல் தலையிடி. லண்டன் பிரிட்டிஷ் நூலகம், கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம் என்று பிரிந்து கிடக்கின்றன. கிரீனிச்சின் இணையப் பட்டியல் நல்ல வேலைதான். ஆனால் 'நெல்சன்' என்று மட்டும் தட்டினால் பதக்கம், ஓவியம் எல்லாம் வந்து குவியும். மனைவி ஃபேனி, காதலி எம்மா ஹாமில்டன் எனக் கடிதம் பெற்றவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

திகதியில்லாத தாளா? கையெழுத்தைப் பாருங்கள். 1797 ஜூலையில் டெனரிஃப் தீவுச் சண்டையில் நெல்சனின் வலக்கை போனது. பிறகு தன் கைப்பட எழுதியதெல்லாம் இடக்கை, முதல் தாள்களில் எழுத்து தடுமாறும். ஒப்பத்தில் 'ப்ரோண்டே' (அந்த ஆண்டு கிடைத்த பிரபுப் பட்டம்) இருந்தால் 1799க்கு முந்தியதல்ல.

எல்லாத் தாளும் ஸ்கேன் ஆகவில்லை. மழைக்குச் சிக்னல் விழுமுன் தொகுப்பு இலக்கத்தைக் கொப்பியில் குறித்துவிடுங்கள்.